ஒரே தொட்டியில் இரண்டு ஆமைகளை வளர்க்கலாமா?

சிங்கப்பூரில் வீட்டில் வளர்க்க, ஊர்வனவற்றுள் சிவப்புக்காது ஆமைக்கும் மலாயாப் பெட்டி ஆமைக்கும் மட்டுமே அனுமதி உண்டு. குட்டிப் பருவத்தில் இணக்கமாக இருந்த இரண்டு சிவப்புக்காது ஆமைகள் வளர்ந்தபின் சண்டையிடக்கூடும். ஆண் ஆமை பெண்ணை ஓயாமல் துரத்திக் கழுத்திலும் கால்களிலும் கடிப்பதை விளையாட்டென்று எண்ணிவிட வேண்டாம். ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடப்பதைப் பாசமென்று பலர் மகிழ்கிறார்கள்; அது பெரும்பாலும் இடப் போட்டியே. எனவே நீரைவிட்டு ஏறி உடலை உலர்த்தும் மேடையையும் வெப்ப விளக்கையும் தனித்தனியே அமைத்து, உணவையும் பிரித்துக் கொடுத்து, வாலிலும் கால்களிலும் கடிகாயம் உண்டா என்று நாள்தோறும் பாருங்கள். காயம் கண்டால் அன்றே பிரித்துவிடுங்கள். ஓடு 25 சென்டிமீட்டர் வரைகூட வளரும் உயிருக்கு, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இரண்டாவது தொட்டிக்கு இடமில்லையெனில், ஒன்றோடு நிறுத்துவதே கருணை; நீர்த்தேக்கத்தில் கொண்டுபோய் விடுவது குற்றமாகும்.