பட்டுப்புழுவுக்கு எதுக்குக் கொலஸ்ட்ரால்?

தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கூடு கொண்டுவருகிறவர்களிடம் பேசினால் நோய், இலை, விலை எல்லாம் வரும். கொலஸ்ட்ரால் என்ற பேச்சு மட்டும் வராது. எடுத்தால், "அது மனுசனுக்கு வர்ற வியாதியாச்சே" என்பார்கள். முதல் தவறு அங்கேதான்.

நம் ஈரல் கொலஸ்ட்ராலைத் தானே செய்துகொள்ளும். பூச்சியால் அது முடியாது. அதைச் செய்யும் வேதிப் பாதையின் முன்பாதி அதனிடம் உண்டு, பின்பாதிக்கான நொதிகள் கிடையாது. ஆகவே தின்பதில் இருந்துதான் எடுக்க வேண்டும். மல்பெரி இலையில் இருப்பது கொலஸ்ட்ரால் அல்ல, அதே ஸ்டெரால் குடும்பத்தைச் சேர்ந்த பீட்டா-சிட்டோஸ்டெரால். 29 கரி (கார்பன்) அணுக்கள் கொண்டது. புழு அதன் பக்கக் கிளையில் இரண்டை நீக்கி, 27 அணுக்கள் உள்ள கொலஸ்ட்ராலாக மாற்றிக்கொள்கிறது. தோலுரிப்பு ஹார்மோனான எக்டைசோன் அதிலிருந்துதான் உருவாகிறது. 1954-ல் ஜெர்மன் வேதியியலாளர்கள் பூட்டனான்ட்டும் கார்ல்சனும் 500 கிலோ பட்டுப்புழுக் கூட்டுப்புழுக்களில் இருந்து வெறும் 25 மில்லிகிராம் எக்டைசோன் படிகங்களைப் பிரித்தெடுத்தார்கள். அவ்வளவு சிறிய அளவுதான் நான்கு தோலுரிப்புகளையும் கூடு கட்டுவதையும் ஆட்டிவைக்கிறது.

இதை மறப்பதால் வரும் தவறு பெரியது. புழுக்கள் ஒரே சமயத்தில் பழுக்க, அதாவது கூடு கட்டத் தயாராக, தாவரத்தில் இருந்து எடுத்த எக்டைசோன் மருந்தை இலையில் தெளித்துக் கொடுக்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் அதைச் சத்து மருந்தாக நினைத்து நான்காம் தோலுரிப்புக்குப் பின் வரும் கடைசிப் புழுப் பருவமான ஐந்தாம் பருவத்தின் தொடக்கத்திலேயே கொடுத்துவிடக் கூடாது. புழு மொத்தமாகத் தின்னும் இலையில் ஐந்தில் நான்கு பங்கு அந்தப் பருவத்தில்தான் போகிறது, பட்டுச் சுரப்பி நிரம்புவதும் அப்போதுதான். முன்கூட்டியே ஹார்மோன் கிடைத்தால் தின்பதை நிறுத்திவிட்டு, பாதி நிரம்பிய சுரப்பியோடு கூடு கட்டும் தட்டியான சந்திரிகையில் ஏறும். கூடு சிறுத்து, ஓடு மெலிந்துபோகும். தட்டில் சில புழுக்கள் பழுக்கத் தொடங்கிய பிறகு கொடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

இளமை ஹார்மோனையும் இதே வகையாக நினைக்க வேண்டாம். அது ஸ்டெரால் இல்லை. நான் சொன்ன அந்த முன்பாதிப் பாதையில் பிறப்பது. வேலையும் நேர் எதிர்: புழுப் பருவத்தை நீட்டிக்கும்.

எல்லாப் பூச்சியும் பட்டுப்புழு மாதிரி என்று எண்ணுவதும் தவறு. தேனீயால் அந்தக் கிளையை வெட்ட முடியாது. மகரந்தத்தில் உள்ள ஸ்டெராலை அப்படியே பயன்படுத்துகிறது. கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் பெட்டி வைத்திருப்பவர்கள் பூ இல்லாத மாதங்களில் சர்க்கரைப் பாகு மட்டும் வைத்தால், அதில் ஸ்டெரால் துளியும் கிடையாது. மகரந்தமும் வேண்டும்.

கடைசியாக வேம்பு. "வேம்புதானே, ஒன்றும் செய்யாது" என்கிறோம். அதன் அசாடிராக்டின் எக்டைசோன் சுரப்பையே குலைக்கும். புழுவால் தோலுரிக்க முடியாது. பாலக்கோடு பக்கம் தக்காளி வயலை ஒட்டி மல்பெரி வைத்திருப்பவர்கள், தக்காளிக்கு வேப்பெண்ணெய் அடித்தால் அந்த வரப்போர இலையைப் புழுவுக்குப் பறிக்காமல் விடுங்கள்.