200 கிலோமீட்டர் சைக்கிள் பயணம்: மழையில் ஊறிய பாதங்களுக்கு நான் கண்ட வழி

ஆடாக்ஸ் என்பது போட்டியில்லாமல், நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் பயணம். அதில் 200 கிலோமீட்டரை முடிக்கப் பதின்மூன்றரை மணி நேரம் தருவார்கள். சிங்கப்பூரில் அதற்குள் மழை, வெயில், இடி எல்லாமே வந்துவிடலாம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா பக்கமிருந்து வரும் சூறைமழை பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோதான் அடிக்கும். நாம் கிளம்புவதும் அப்போதுதான்.

எனக்குப் பெரிய தொல்லை பாதம். தீவின் மேற்கே லிம் சூ காங்கில் நனைந்தால் கிழக்கே சாங்கி கடலோரச் சாலை வந்தாலும் ஷூ காயாது. தோல் ஊறி உரிந்து எரியும். ஷூ கவர் போட்டுப் பார்த்தேன். இந்தப் புழுக்கத்தில் உள்ளே வியர்வையே தேங்கியது. சரி, தண்ணீர் வந்தால் வரட்டும், சீக்கிரம் வெளியேறினால் போதும் என்று முடிவு செய்தேன். அடியில் துளையுள்ள ஷூ, மெல்லிய மெரினோ கம்பளி சாக்ஸ், கிளம்பும்முன் விரலிடுக்கில் வாசலின். மழை விட்டதும் ஜிப் பையில் இருக்கும் உலர்ந்த சாக்ஸுக்கு மாறிவிடுவேன். எரிச்சல் நின்றேவிட்டது! இதற்காக வண்டியை நிறுத்தத் தயங்காதீர்கள்.

சங்கிலிக்கு ஈரத்தில் நிற்கும் எண்ணெய் போடுகிறேன். டயரில் காற்றைச் சற்றுக் குறைத்தால் பிடிப்பு கூடும். சாலையில் ஈரமான வெள்ளைக் கோட்டின் மேலும் சாக்கடையின் இரும்பு மூடியின் மேலும் வண்டியைச் சாய்த்துத் திருப்பவே கூடாது.

மின்னலில் மட்டும் நான் பிடிவாதம். மழை ரேடாரில் மேகம் நெருங்கினால் மரத்தடிக்குப் போகாமல், அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தில் ஒதுங்குவேன். வாழைப்பழமும் உப்புச்சத்து பானமும் அப்போதுதான்.