எதிர்காலக் கதைக்குச் சொல் செய்யும்போது சறுக்கும் இடங்கள்

அறிவியல் புனைகதை எழுத உட்கார்ந்ததும் முதலில் கை பரபரப்பது இல்லாத பொருள்களுக்குப் பேர் வைக்கத்தான். வாசகர் புத்தகத்தை மூடுவதும் பெரும்பாலும் அந்தப் பேர்களால்தான்.

கருவி எப்படி வேலை செய்கிறது என்பதையெல்லாம் பேருக்குள் திணிப்பது முதல் தவறு. ‘மூளையலைப் பரிமாற்றுக் கருவி’ என்றால் விஷயம் விளங்கிவிடும், சரி. ஆனால் அவசரமாகக் கிளம்பும் யாரும் “என் மூளையலைப் பரிமாற்றுக் கருவியைப் பார்த்தியா?” என்று கேட்க மாட்டார்கள். குளிர்சாதனப் பெட்டி விளம்பரத்தில்தான் இருக்கிறது. அடுப்படியில் இருப்பது ஃப்ரிட்ஜ். செக் எழுத்தாளர் கரேல் சாப்பெக் 1920இல் எழுதிய நாடகத்தில் பிறந்த சொல் ‘ரோபோ’. அதை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய அண்ணன், ஓவியர் யோசெஃப். ‘ரொபோட்டா’ என்பது பண்ணையாருக்குக் குடியானவர்கள் கூலியில்லாமல் செய்ய வேண்டிய கட்டாய வேலை. நம் சோழர் காலக் கல்வெட்டுகள் ‘வெட்டி’ என்று சொல்வதும் இதைத்தான். அந்த நாடகத்து ரோபோக்கள் இரும்பால் ஆனவையே அல்ல, சதைபோன்ற ஒரு பொருளில் வார்த்தவை. பேரில் கம்பியும் இல்லை, சக்கரமும் இல்லை. யார் யாருக்காக உழைக்கிறார்கள் என்பது மட்டும் இருக்கிறது. அதனால்தான் சதை போய் உலோகம் வந்தபோதும் பேர் நிலைத்தது.

அடுத்தது முன்னொட்டு மோகம். நானோ, குவாண்டம், மின், மீ. எல்லாமே மின்சாரத்தில் ஓடும் ஊரில் ‘மின்’ எதற்கு? நாம் மின்விளக்கைப் போடுவதில்லை, லைட்டைப் போடுகிறோம்.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. புதுப்பொருள் வந்தால் பேர் மாறுவது பல நேரம் பழைய பொருளுக்குத்தான். பிராய்லர் வரும்வரை வீட்டில் மேய்ந்தது வெறும் கோழி. பிறகுதான் அது நாட்டுக்கோழி ஆனது. செல்போன் வந்த பிறகுதான் மேசைமேல் கிடந்த போனுக்கு லேண்ட்லைன் என்ற பேர் நம் வாயில் ஏறியது. ஆக, ஆய்வகத்தில் வளர்த்த இறைச்சி கடைக்கு வந்துவிட்ட காலத்தைப் பற்றி எழுதுகிறீர்கள் என்றால், அதற்கு ‘செயற்கை உயிரணு இறைச்சி’ என்று பேர் கட்ட வேண்டாம். அதைக் ‘கறி’ என்றே விட்டுவிடுங்கள். ஆட்டை அறுத்து எடுப்பதை ‘வெட்டுக்கறி’ ஆக்குங்கள். “தாத்தா திவசத்துக்கு மட்டும் வெட்டுக்கறிதான் வேணுமாம், எங்க போறது?” என்று ஒரு பாத்திரம் அலுத்துக்கொண்டால் போதும், காலம் மாறியது தெரிந்துவிடும்.

பாத்திரங்கள் தங்களுக்குத் தெரிந்ததைத் தங்களுக்கே விளக்குவதும் தவிர்க்க வேண்டியது. “உனக்குத்தான் தெரியுமே, இது…” என்று தொடங்கும் வசனத்தை யோசிக்காமல் அடித்துவிடலாம். விளக்கத்தைவிட வினை முக்கியம். உங்கள் சொல்லோடு ‘போடு’, ‘அடி’, ‘விடு’, ‘எடு’ இவற்றில் எது ஒட்டுகிறது என்று சொல்லிப் பாருங்கள். தந்தி அடித்தோம், மிஸ்டு கால் விட்டோம், ஜெராக்ஸ் எடுக்கிறோம். எதுவும் ஒட்டவில்லை என்றால் அந்தச் சொல்லை யாரும் புழங்க மாட்டார்கள். ஐ, க்கு, இல் சேர்த்தும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். நாக்கு தடுக்கினால் மாற்றுங்கள்.

சொல் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ‘செயலி’ ஒருவருக்குக் கணினியின் பிராசஸர், இன்னொருவருக்கு போனில் இருக்கும் ஆப். வாட்ஸப்புக்குக் ‘கட்செவி அஞ்சல்’ என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். கண்ணும் செவியும் சேர்ந்த பேர், யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் பழந்தமிழில் கட்செவி என்றால் பாம்பு!

கருவிகளுக்கு இவ்வளவு மெனக்கெடுபவர்கள் உறவுகளையும் கருத்துகளையும் கோட்டைவிடுகிறார்கள். மனிதப் படியெடுப்பு, அதாவது குளோனிங், சாதாரணமாகிவிட்ட உலகில் ‘படியுரு மனிதன்’ என்றெல்லாம் எழுதுவார்கள். வீட்டுக்குள் அவரை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று யோசிப்பதில்லை. அப்பாவின் மரபணுவிலிருந்து பின்னால் பிறந்தவர் அப்பாவுக்கு இரட்டைப் பிள்ளை மாதிரி, ஆனால் வயதில் இளையவர். அப்படியானால் அவர் சித்தப்பாதான். புதுச்சொல்லே தேவையில்லை. அவர் மகள் உங்களுக்குத் தங்கை முறை, கட்டிக்கொள்ள முடியாது. அம்மாவின் படியுரு என்றால் சித்தி. சிக்கல் உங்கள் படியுருவில்தான். அவனைத் தம்பி என்பதா, மகன் என்பதா? பாட்டி ஒன்று சொல்வார், அரசாங்கப் படிவம் இன்னொன்று கேட்கும். கதை அங்கிருந்தே தொடங்கலாம்.