பயணத்துக்கு முன் கிண்டுகிற உருளைக்கிழங்கு: முதல் அலொட்மென்ட் கிடைத்தவர்களுக்கு

இங்கிலாந்துக்கு வந்து வீட்டு விலாசம் ஒன்று கிடைத்த கிழமையே செய்யவேண்டிய வேலைகளில் ஒன்று, உங்கள் கவுன்சிலில் அலொட்மென்டுக்கு, அதாவது வாடகைத் தோட்டத்துண்டுக்கு, பெயர் பதிவது. இன்னும் பதியவில்லையென்றால் இதை இடையில் நிறுத்திவிட்டுப் போய்ப் பதிந்துவிட்டு வாருங்கள். லண்டனின் பல பகுதிகளில் காத்திருப்பு வருடக்கணக்கில் நீளும். வங்கிக் கணக்குக்கும் ஜிபி என்ற குடும்ப வைத்தியருக்கும் ஓடித்திரிகிற நாட்களில் தோட்டத்தை யார் நினைப்பார்கள்? நினைத்த நாலு பேருக்குத்தான் இன்றைக்குத் துண்டு இருக்கிறது.

அலொட்மென்ட் என்பது வீட்டுத் தேவைக்கு மரக்கறி செய்ய, வருட வாடகைக்குக் கிடைக்கும் காணித்துண்டு. 1908ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இதற்கு அடிப்படை. அளவை ‘றொட்’ என்று சொல்வார்கள். முழுத்துண்டு 10 றொட். இது எவ்வளவு என்று தெரியாமல் முதலில் நானும் முழித்தேன். பிறகு கணக்குப் பார்த்தால், ஒரு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு, ஏறக்குறைய 250 சதுர மீட்டர். யாழ்ப்பாணத்தில் ஒரு ஏக்கருக்கு எத்தனை பரப்பு? 16. ஆக வெள்ளைக்காரனின் முழு அலொட்மென்டும் எங்கள் ஒரு பரப்புக் காணியும் ஒரே அளவு! இப்போது பெரும்பாலும் அரைத்துண்டுதான் தருகிறார்கள், அதாவது அரைப் பரப்பு. வேலைக்குப் போகிற குடும்பத்துக்கு அது தாராளம். பெரிதாக எடுத்துப் புல் மண்டவிட்டால் எச்சரிக்கைக் கடிதம் வரும். அதற்கும் திருந்தாவிட்டால் துண்டு போய்விடும்.

துண்டு கிடைத்ததும் எல்லோரும் முதலில் நடுவது உருளைக்கிழங்கு. நானும் அதைத்தான் செய்தேன், அதிலும் பிழையான கிழங்கை. கடையில் கண்ட பைகளில் ‘கிங் எட்வர்ட்’ என்ற பெயர் பிடித்துப்போயிற்று. 1902இல், ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு வருடத்தில் வெளிவந்த இனம். நூறு வருடத்துக்கு மேலாக விற்கிற கிழங்கு பிழையாகப் போகுமா என்று அரைத்துண்டில் பாதியை அதற்கே கொடுத்தேன். ஆனி மாதம் வரைக்கும் செடி குடைபோல நின்றது. ஆடி முடிவில் பள்ளிக்கூட விடுமுறை தொடங்கியதும் குடும்பத்தோடு நல்லூர்த் திருவிழாவுக்குப் பறந்தேன். தேர், தீர்த்தம் எல்லாம் முடித்துத் திரும்பிவந்து கேற்றைத் திறந்தால், அழுகல் மணம். தண்டெல்லாம் கருகி நிலத்தோடு ஒட்டிக் கிடந்தது. முள்ளுக்கரண்டியால் கிளப்பிய கிழங்கு பாதி கூழ்.

பக்கத்துத் துண்டில் உரும்பிராய்க்காரப் பெரியவர் ஒருவர் இருந்தார். ஊரில் செம்மண்ணில் கிழங்கு செய்தவர். எழுபதுகளில் உருளைக்கிழங்கு இறக்குமதி நின்றிருந்தபோது யாழ்ப்பாணத் தோட்டக்காரர் தலைநிமிர்ந்த கதையை ஒரு தேத்தண்ணிக்கு ஒருதரம் சொல்லுவார். அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. “தம்பி, ஊரிலை கார்த்திகை மார்கழியிலை நட்டு, வெயில் ஏற முன்னம் கிண்டினனாங்கள். இஞ்சை வெயிலுக்குப் பதிலா பிளைட் எண்ட நோய். பேரைப் பாத்து வாங்காதேங்கோ, கிண்டுற நாளைப் பாத்து வாங்குங்கோ” என்றார். இவ்வளவு வருடத்துக்குப் பிறகும் இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பிளைட் என்பது கருகல் நோய். 1845இல் அயர்லாந்தில் பஞ்சத்தைத் தொடக்கிவிட்டதும் இதே நோய்தான். ஈரமும் இளஞ்சூடும் சேர்ந்தால் வரும். இரண்டு நாள் தொடர்ந்து வெப்பம் 10 பாகைக்குக் கீழே இறங்காமல், ஒவ்வொரு நாளும் ஆறு மணித்தியாலமாவது காற்றின் ஈரப்பதன் 90 வீதத்துக்குக் குறையாமல் இருந்தால் ஆபத்து என்று இங்கே எச்சரிப்பார்கள். ஆடி, ஆவணி மழைநாட்களில் இந்தக் கணக்கு இலேசாகப் பொருந்திவிடும். அலொட்மென்டில் நூறு பேர் வேலிக்கு வேலி கிழங்கும் தக்காளியும் வைத்திருப்பதால், ஒருவரிடம் வந்தால் ஒரு கிழமைக்குள் எல்லோரிடமும் நிற்கும்.

இனி விதைக்கிழங்குப் பைகளைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று சொற்களில் ஒன்று இருக்கும். ‘ஃபர்ஸ்ட் ஏர்லி’ நட்டு 10 முதல் 12 கிழமையில் கிண்டலாம். ‘செகண்ட் ஏர்லி’ 13 முதல் 15 கிழமை. ‘மெயின்கிராப்’ 15இலிருந்து 20 கிழமை, சிலது அதற்கும் மேல்; நான் நட்ட கிங் எட்வர்ட் இந்த வகை. பங்குனி கடைசியில், அதாவது ஏப்ரல் தொடக்கத்தில் நட்டால் முதல் வகை ஜூன் கடைசியில் கைக்கு வரும், இரண்டாவது ஜூலை நடுவில். மூன்றாவது மண்ணுக்குள் இருக்கும்போதுதான் பிளைட்டும் வரும், உங்கள் விமானமும் போகும். ஆகஸ்டில் ஊருக்குப் போகிற வழக்கமுள்ள குடும்பம் என்றால் மெயின்கிராப்பை மறந்துவிடுங்கள். முதல் வருடத்தில் போகாவிட்டாலும் மறந்துவிடுங்கள்.

இன்னொரு நியாயமும் இருக்கிறது. எங்கள் தமிழ்க் கடைகளில் மலிவாக மூட்டையில் விற்பதும் பெரும்பாலும் மெயின்கிராப்தான். மாரிஸ் பைப்பர் இந்த நாட்டின் சிப்ஸ் கிழங்கு. கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ட்ரம்பிங்டனில், மாரிஸ் லேன் என்ற தெருவில் இருந்த ஆராய்ச்சி நிலையம் உருவாக்கி 1966இல் வெளியிட்டது. வேரைப் பிடிக்கும் நுண்புழு ஒன்றுக்கு ஈடுகொடுக்கும் என்பதால் கமக்காரர் அதை விரும்பினார்கள். ஆனால் அலொட்மென்ட் மண்ணில் ஓடில்லாத நத்தைக்கும் அது விருப்பமான சாப்பாடு, தோலில் சொறியும் வரும். கடையில் மூட்டை தூக்கக் கூடியதை நத்தைக்கு ஊட்டி வளர்ப்பானேன்? அப்போதே கிண்டின புதுக்கிழங்கின் மணம் எந்தக் கடையிலும் கிடைக்காது. தோல் பெருவிரலால் தேய்க்கவே கழன்றுவிடும். நடுவதானால் அதை நடுங்கள்.

ஃபர்ஸ்ட் ஏர்லியில் றொக்கெட், ஸ்விஃப்ட் இரண்டும் விரைவில் வரும். றொக்கெட்டுக்கு ருசி மட்டு என்பது என் நாக்கின் தீர்ப்பு, சண்டைக்கு வரலாம். அரன் பைலட் பழைய இனம், இங்குள்ள முதியவர்களின் செல்லம். நான் விடாமல் வைப்பது ரெட் டியூக் ஒஃப் யோர்க். சிவப்புத் தோல், உள்ளே இளமஞ்சள், அவித்தால் மாவாக வரும். முந்திக் கிண்டுகிற கிழங்குகளில் மசிக்கத் தோதானது குறைவு. பற்றீஸுக்கும் ரோல்ஸுக்கும் உள்ளே வைக்க இதுதான் சரி.

செகண்ட் ஏர்லியில் ஒன்றே ஒன்று வாங்குவதானால் ஷார்லட். பிரெஞ்சுக்காரர் 1981இல் தந்தது, நீட்டுக்கிழங்கு, மஞ்சள் சதை. எவ்வளவு கொதித்தாலும் உடையாது. பிரட்டலுக்கு வெட்டிப்போட்ட துண்டு வெட்டிய மாதிரியே இருக்கும். பால்கறியில் பாலும் கெட்டிப்படாது. மசாலாத் தோசைக்காரர் இதை வாங்கினால் ஏமாந்துபோவார்கள். அவர்களுக்குக் கெஸ்ட்ரல்: வெள்ளைத் தோலில் கண் இருக்கிற இடமெல்லாம் ஊதாத் தீற்றல், பார்க்கவே வடிவு. மசியும், பொரியும், முக்கியமாக நத்தை அவ்வளவாகத் தொடாது. லண்டன் களிமண்ணில் நத்தை எவ்வளவு என்பதை முதல் மழைக்குப் பிறகு நீங்களே கண்டுகொள்வீர்கள்.

ஊருக்குப் போகாமல் வருடம் முழுக்க இங்கே நிற்கிறவர்களுக்கும் இரண்டு பெயர் சொல்லிவைக்கிறேன். சார்ப்போ மிரா ஹங்கேரியில் பிறந்த இனம். பிளைட் வந்து அயலெல்லாம் கறுத்தாலும் இது பச்சையாக நிற்கும். செடி காடுபோல் படரும், கிழங்கு வறண்ட மாவு. ரோல்ஸுக்குத் திறம், பிரட்டலுக்கு உதவாது. டிசிரே, ஒல்லாந்தின் 1962ஆம் ஆண்டுச் சிவப்புக்கிழங்கு. தண்ணீர் குறைந்தாலும் சமாளிக்கும் என்பதால், குழாய் தூரத்தில் இருக்கிற துண்டுகளுக்கு நல்லது. பிங்க் ஃபர் ஆப்பிள் என்று இஞ்சிக்கிழங்கு மாதிரி முண்டுமுண்டாக ஒன்று விற்பார்கள். ருசிதான், ஆனால் தோல் சீவுகிற ஆள் நீங்களா உங்கள் மாமியாரா என்பதை முதலில் முடிவுசெய்துகொள்ளுங்கள்.

வாங்கும்போது ‘சேர்ட்டிஃபைட் சீட்’ என்று போட்ட விதைக்கிழங்கையே வாங்குங்கள். பெரும்பாலும் ஸ்கொட்லாந்தில் விளைந்ததாக இருக்கும். அங்கே குளிரும் காற்றும் அதிகம் என்பதால் வைரஸைக் காவித்திரியும் அசுவினி குறைவு. குசினியில் முளைவிட்ட கடைக்கிழங்கைப் புதைக்கிற ஆசை எல்லோருக்கும் வரும். அதில் வைரஸ் இருக்கலாம், முளைக்காமலிருக்க மருந்தும் அடித்திருக்கலாம். ஊரிலிருந்து பெட்டிக்குள் விதைக்கிழங்கு கொண்டுவரவே வேண்டாம்; பயணிகள் உருளைக்கிழங்கு கொண்டுவருவது சட்டப்படி தடை, விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள். தை, மாசி மாதங்களில் சில ஊர் மண்டபங்களில் ‘பொட்டேட்டோ டே’ என்று சந்தை வைப்பார்கள். அங்கே ஒவ்வொரு இனத்திலும் ஐந்தோ பத்தோ கிழங்கு எண்ணி வாங்கலாம். இரண்டு கிலோப் பையில் ஏறக்குறைய 25 கிழங்கு இருக்கும், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரே இனத்தில் அவ்வளவு தேவையில்லை.

மாசியில் வாங்கிய கிழங்கை முட்டைப்பெட்டியில், கண் அதிகமுள்ள பக்கம் மேலே பார்க்க, வெளிச்சமும் குளிர்மையும் உள்ள யன்னலோரம் நிறுத்தி வையுங்கள். தடித்த குட்டைமுளை வரும். இருட்டில் வைத்தால் வெள்ளைவெளேரென்று நீட்டாக வந்து, நடும்போது முறியும். நடுகைக்கு ஏர்லி வகைகள் கிழங்குக்குக் கிழங்கு ஒரு அடி, வரிசைக்கு வரிசை இரண்டடி, ஆழம் அரை அடி. செடி ஒரு சாண் வந்ததும் இரண்டு பக்கமும் மண்ணைக் கூட்டி அணையுங்கள். மே நடுப்பகுதிவரை இரவில் உறைபனி விழலாம். எச்சரிக்கை வந்தால் ஃபிளீஸ் துணியோ பழைய கடுதாசியோ போட்டு மூடுங்கள். இலை கருகினாலும் பெரும்பாலும் திரும்பத் தழைக்கும்.

பசளை விடயத்தில் ஒரு எச்சரிக்கை. குதிரைச் சாணம் இலவசம் என்று வாசலில் கொட்டுவார்கள். அந்தக் குதிரை தின்ற புல்லுக்குக் களைநாசினி அடித்திருந்தால், அது சாணத்துக்குள்ளும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். உருளைக்கிழங்கு இலை பன்னம்போலச் சுருண்டு போகும். கொஞ்சச் சாணத்தை ஒரு சட்டி மண்ணில் கலந்து நாலு போஞ்சி விதை போட்டுப் பாருங்கள், இலை நேராக வந்தால் நம்பலாம். புல்தரையாகக் கிடந்து புதிதாக வெட்டித் தந்த துண்டு என்றால், வயர்வோம் என்ற மஞ்சள் புழு கிழங்கைத் துளைக்கும். அதற்கும் மருந்து முந்திக் கிண்டுவதுதான்.

பூ விரிந்ததும் ஒரு செடியடியில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். கோழிமுட்டை அளவு இருந்தால் தொடங்கலாம், அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும். செடிக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ எதிர்பாருங்கள். பயணத் திகதிக்குப் பத்து நாள் முன் மீதியையும் எடுத்து, ஒரு மணித்தியாலம் காயவிட்டு, கடுதாசிப் பையிலோ சாக்கிலோ இருட்டில் வையுங்கள். பொலித்தீன் பை வேண்டாம், வியர்த்து அழுகும். ஏர்லிக் கிழங்கு நீண்டநாள் தாங்காது. அயலுக்கும் கோயில் மடப்பள்ளிக்கும் கொடுப்பதற்கு இதைவிட நல்ல சாட்டு கிடைக்காது.

கீரை தின்னிகள் நாங்கள், அதனால் இதையும் சொல்லவேண்டும். வற்றாளை இலையைச் சுண்டலாம், உருளைக்கிழங்கு இலையைத் தொடக்கூடாது. இலை, பூவுக்குப் பின் வரும் தக்காளிப்பிஞ்சு போன்ற பச்சைக் காய், வெளிச்சம் பட்டுப் பச்சையான கிழங்கு எல்லாமே நஞ்சு. பிள்ளைகளைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போகும் முதல் நாளே அந்தக் காயைக் காட்டிச் சொல்லிவையுங்கள்.

வெறுமையான பாத்தியில் போகிறதுக்கு முன் லீக்ஸ் கன்று வைக்கலாம், அதை ஒரு மாதம் பாராமல் விட்டாலும் கோபிக்காது. அல்லது திரும்பிவந்து செப்டெம்பரில் வெந்தயம் தூவுங்கள், குளிர் இறுக முன் இரண்டு தரம் கிள்ளலாம். அந்த இடத்தில் மூன்று வருடத்துக்குத் திரும்பக் கிழங்கோ தக்காளியோ வேண்டாம். எவ்வளவு கவனமாகக் கிண்டினாலும் நாலு கிழங்கு மண்ணுக்குள் தப்பிக் கிடந்து, அடுத்த சித்திரையில் கேட்காமலே முளைக்கும். பிள்ளைகள் துள்ளுவார்கள், உங்களுக்கும் மனம் வராது. பிளைட் குளிர்காலத்தைத் தாண்டி வருவது அந்தக் கிழங்குக்குள்தான். பிடுங்கிவிடுங்கள்.