மலைக்காட்டில் போர்க்கால விமானத்தைத் தேடுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல் ஜப்பானியப் படை சீனாவுக்குப் போகும் தரைவழியான பர்மா சாலையை அடைத்தபிறகு, அங்கே சரக்கு கொண்டுபோக வானத்தை நம்ப வேண்டியதாயிற்று. அசாமின் சாபுவா, டின்ஜான், மோகன்பாரி தளங்களிலிருந்து கிளம்பிய அமெரிக்க விமானங்கள் இமயத்தின் கிழக்குக் கோடியைத் தாண்டிச் சீன நகரமான குன்மிங்குக்குப் பறந்தன. அந்த மலைகளுக்கு விமானிகள் வைத்த பெயர் ‘ஹம்ப்’, அதாவது திமில். போர் முடிவதற்குள் ஏறக்குறைய 600 விமானங்கள் தொலைந்தன. அவற்றில் பல இன்றும் அருணாசலப் பிரதேசக் காடுகளில் கிடக்கின்றன. தேடிப் போகிறவர்களில் பலர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். மலை கடினமானதுதான், ஆனால் பழியை முழுக்க அதன்மேல் போட முடியாது.

முதல் தவறு வீட்டிலேயே நடந்துவிடுகிறது. வரைபடத்தை விரித்து, குன்மிங்குக்கும் சாபுவாவுக்கும் நடுவே அளவுகோலால் கோடு போட்டு, அதன் இருபுறமும் தேடுவது. மணிக்கு 100 மைலுக்கு மேல் காற்று வீசும் மலை அது. மேகத்துக்குள் மாட்டிய விமானம் எவ்வளவு தூரம் தள்ளப்பட்டது என்பது உள்ளே இருந்தவர்களுக்கே தெரியாது. 1944 ஜனவரி 25 அன்று, ‘ஹாட் ஆஸ் ஹெல்’ என்ற பி-24 குண்டுவீச்சு விமானம் எட்டுப் பேரோடு குன்மிங்கிலிருந்து சாபுவாவுக்குக் கிளம்பி, மோசமான வானிலையில் காணாமல் போனது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு சிதைவுகள் கிடைத்த இடம் அருணாசலப் பிரதேசத்தின் தாம்ரோ கிராமத்தை ஒட்டிய மலை. அது சாபுவாவுக்கு வடக்கே, பிரம்மபுத்திராவுக்கு அக்கரையில் இருக்கிறது. தென்கிழக்கிலிருந்து வரும் கோட்டைப் பிடித்துக்கொண்டு போனவர் அங்கே எட்டிப் பார்த்திருக்கவே மாட்டார். காணாமல்போன விமானக் குழுக்கள் பற்றிய ராணுவ அறிக்கைகளில் ‘கடைசியாகத் தெரிந்த இடம்’ என்று இருக்கும். அதை விழுந்த இடமாக எடுத்துக்கொள்பவர்களும் உண்டு.

சரி, ஊருக்குள் போய்க் கேட்கலாமே? கேட்டே ஆக வேண்டும். காட்டுக்குள் கிடப்பது வேட்டைக்காரர்களுக்குத்தான் முதலில் தெரியும். ஆனால் எப்படிக் கேட்கிறோம் என்பதில் பாதி வேலை இருக்கிறது. “இங்கே அமெரிக்க விமானம் விழுந்ததா?” என்று கேட்டால், தூரத்திலிருந்து வந்த விருந்தாளியின் மனம் நோகாமல் “ஆமாம்” என்றுதான் சொல்வார்கள். யார் பார்த்தார்கள், எரிந்ததா, எத்தனை என்ஜின் கிடந்தது என்று கேளுங்கள். அப்புறம், “பெரிய நிலநடுக்கத்துக்கு முன்பா, பின்பா?” என்று கட்டாயம் கேளுங்கள். 1950 ஆகஸ்ட் 15 நிலநடுக்கத்தை அந்த மலைகளில் மறந்தவர்கள் கிடையாது. அதற்குப் பின்னால் விழுந்தது என்றால் அது போர்க்கால விமானம் அல்ல. எல்லைப்புறத்துக்கு உணவும் சரக்கும் கொண்டுபோன இந்திய விமானப்படையின் டகோட்டா சரக்கு விமானங்களும் இதே காடுகளுக்கு மேல்தான் பறந்தன.

அந்த நிலநடுக்கம் இன்னொரு குழப்பத்தையும் விட்டுப்போனது. மலைச்சரிவுகள் அப்படியே பெயர்ந்து விழுந்தன, ஆறுகள் அடைபட்டு உடைந்தன. ஆகவே ஓடையில் ஓர் இறக்கைத் துண்டு கிடைத்ததும் “இதுதான் இடம்” என்று கூடாரம் அடிக்காதீர்கள், மேலே ஏறிப் பாருங்கள். கிராமத்து வீட்டில் இருக்கும் அலுமினியத் துண்டும் அப்படித்தான். பாத்திரத்துக்கும் கத்தி உறைக்கும் உதவும் உலோகத்தை மனிதர்கள் வெகுதூரம் சுமந்து வருவார்கள்.

இடம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எந்த விமானம்? இங்கேதான் அவசரப்படுகிறார்கள். தகட்டில் எந்த எண்ணைக் கண்டாலும் விமானத்தின் எண் என்று கொண்டாடுகிறார்கள். பெரும்பாலும் அது பாக எண்ணாக இருக்கும். பி-24இன் பாகங்களில் 32 என்று தொடங்கும் எண்கள் நிறைய வரும். அதை வைத்து விமான வகையைச் சொல்லலாம், எந்த விமானம் என்று சொல்ல முடியாது. வால் எண்ணிலும் ஒரு பொறி உண்டு. ஆவணத்தில் 42 என்று தொடங்கும் எண்ணை வாலில் எழுதும்போது 4ஐ விட்டுவிட்டு 2இலிருந்து எழுதுவார்கள். அந்த 42கூட விமானத்துக்கு ஆர்டர் கொடுத்த நிதியாண்டுதான், தயாரித்த ஆண்டல்ல. வாலே இல்லையென்றால் என்ஜினில் சிலிண்டர்களை எண்ணுங்கள். 18 என்றால் சி-46 சரக்கு விமானமாக இருக்கலாம். 14 என்றால் பி-24 அல்லது சி-47 சரக்கு விமானமாக இருக்கலாம். என்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போ சூப்பர்சார்ஜர் கிடந்தால் பி-24 பக்கம் சாயலாம். சந்தேகம் தீர என்ஜினின் வரிசை எண்ணைக் குறித்துவந்து ராணுவ அறிக்கையோடு ஒப்பிடுங்கள், பல அறிக்கைகளில் துப்பாக்கிகளின் எண்கள்கூட இருக்கின்றன.

மழைக்காலத்தில் போவது, உள்நுழைவு அனுமதி வாங்காமல் போவது, வெடிக்காத குண்டைக் காலால் புரட்டிப் பார்ப்பது பற்றியெல்லாம் விளக்கத் தேவையில்லை.

ஆனால் எலும்பு தென்பட்டால், அல்லது தென்பட்டதாகத் தோன்றினாலும், கையை எடுத்துவிடுங்கள். எண் தகட்டையும் நினைவுப்பொருள் என்று கழற்றாதீர்கள், இருந்த இடத்திலேயே படம் எடுத்து, அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்து, அரசு அதிகாரிகளிடம் சொல்லுங்கள். தாம்ரோ மலையில் அமெரிக்க மீட்புக் குழு 2015இல் மண்ணைச் சலித்துத்தான் தேடியது. 2017இல் எட்டுப் பேரில் ஒருவரை அடையாளம் கண்டு, ஜார்ஜியா மாநிலத்தில் இருந்த சொந்த ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.