கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இடைவெளியைச் செலவழிக்கும் தவறுகள்

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கித் தொப்பூர் கணவாயில் இறங்கும் சரக்கு லாரியை நியூட்ரலில் விடக்கூடாது என்பது ஓட்டுநர் அனைவரும் அறிந்ததே. ஆயினும் டீசல் மிச்சமாகும் என்று சிலர் அவ்வாறு இறக்குகிறார்கள். பத்து முறை ஒன்றும் நேராததால் பதினோராம் முறையும் இறக்குகிறார்கள். அந்தப் பத்து முறையும் அவர்களைக் காத்தது அவர்களுடைய முடிவு அன்று, முன்னால் எந்த வண்டியும் பழுதாகி நிற்காதிருந்த தற்செயலே. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் நேரும் ஆபத்தான முடிவுகள் பலவும் இதே வகையைச் சேர்ந்தவை. இயற்பியலும் கணிதமும் படித்துவிட்டு இந்திய விமான நிலைய ஆணையத்தின் கட்டுப்பாட்டாளர் தேர்வுக்குத் தயாராகும் நம் மாவட்டத்து மாணவர்கள், விதிகளை மனப்பாடம் செய்வதற்கு முன்பே இதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

முதல் தவறு, விமானங்களுக்கிடையே இருக்க வேண்டிய குறைந்தபட்ச இடைவெளியை எட்ட வேண்டிய இலக்காகக் கருதுவது. மணிக்கு 140 கடல் மைல் வேகத்தில் தரையிறங்க வரும் விமானம், ஓடுபாதையிலிருந்து 3 கடல் மைல் தொலைவில் இருக்கிறது என்றால், அது தரையைத் தொட ஏறத்தாழ 77 வினாடிகளே உள்ளன. அதற்குள் இன்னொன்றைப் புறப்படச் செய்துவிடலாம் என்ற கணக்கு, எல்லோரும் நாம் எதிர்பார்த்த வேகத்தில் இயங்கினால் மட்டுமே சரியாக வரும். 2023 பிப்ரவரி 4 அன்று அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், கடும் மூடுபனியில், ஃபெட்எக்ஸ் சரக்கு விமானம் ஏறக்குறைய அதே தொலைவில் இருந்தபோது, சவுத்வெஸ்ட் விமானத்துக்குப் புறப்பட அனுமதி தரப்பட்டது. உறைபனி நாளில் இயந்திரத்தைச் சற்று உயர்த்திச் சோதிக்க வேண்டியிருந்ததால் அந்த விமானம் ஓடுபாதையிலேயே சில வினாடிகள் நின்றது. அதைக் கட்டுப்பாட்டாளரிடம் யாரும் சொல்லவில்லை, பனியில் அவரால் பார்க்கவும் முடியவில்லை, தரையில் உள்ள விமானங்களைக் காட்டும் ரேடாரும் அந்தக் கோபுரத்தில் இல்லை. ஃபெட்எக்ஸ் விமானிகள் தாங்களே ஆபத்தை உணர்ந்து மேலெழுந்ததால், 200 அடிக்கும் குறைவான இடைவெளியில் பேரழிவு தவிர்ந்தது. பார்வை குறையும்போது இடைவெளியைக் கூட்ட வேண்டும் என்பது எளிய அறிவு. ஆனால் தெளிந்த வானில் பலமுறை பலித்த கணக்கு, பனி நாளிலும் கையைத் தானாகவே இழுத்துச் சென்றுவிடுகிறது.

இரண்டாவது, திட்டத்தை மாற்றிவிட்டு எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று எண்ணிக்கொள்வது. இதற்குச் சான்று, ஓசூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் நாம் விமானம் ஏறச் செல்லும் பெங்களூரிலேயே உள்ளது. 2022 ஜனவரி 7 காலை, அங்கே வடக்கு ஓடுபாதையில் புறப்பாடும் தெற்கு ஓடுபாதையில் வருகையும் நடந்துகொண்டிருந்தன. பணிக்குழுவின் பொறுப்பாளர், இரண்டையும் வடக்கு ஓடுபாதையிலேயே நடத்தத் தீர்மானித்தார். அந்த முடிவு தெற்கு ஓடுபாதையைக் கவனித்தவருக்குச் சொல்லப்படவில்லை. விளைவாக, இரு ஓடுபாதைகளிலிருந்தும் இரண்டு இண்டிகோ விமானங்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் புறப்பட்டு வானில் ஒன்றையொன்று நெருங்கின; ரேடார் கட்டுப்பாட்டாளர் கவனித்துத் திசை மாற்றியதால் நானூறுக்கும் மேற்பட்டோர் உயிர் தப்பினர். என் கருத்தில் இந்நிகழ்வைப் பயிற்சியின் முதல் வாரத்திலேயே கற்பிக்க வேண்டும். ஓடுபாதைப் பயன்பாட்டை மாற்றும் முடிவு, அதனால் பாதிக்கப்படும் ஒவ்வொருவரும் அதைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்த பின்னரே நடைமுறைக்கு வர வேண்டும். அதுவரை பழைய ஏற்பாடே தொடர வேண்டும்.

எதிர்பார்த்ததையே காதில் வாங்கிக்கொள்வது இன்னொரு தவறு. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரிஃபே தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்த பின்னர், ‘டேக் ஆஃப்’ என்ற சொல் புறப்பட அனுமதி தரும்போதும் அதை நீக்கும்போதும் மட்டுமே ஒலிக்க வேண்டும் என்று உலக நடைமுறை மாறியது. விமானி திருப்பிச் சொல்வதைக் கேட்டுக்கொண்டே அடுத்த விமானத்தைப் பற்றி எண்ணுபவர், அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பாடத்தை வீணாக்குகிறார். புறப்படத் தயாராக ஓடுபாதையில் நிற்கச் சொன்ன விமானத்தை மறந்துவிடுவதும் இதனோடு சேர்ந்ததே. 1991இல் லாஸ் ஏஞ்சலஸ் விபத்து அவ்வாறுதான் நேர்ந்தது. நினைவை மட்டும் நம்பாமல், அனுமதி தந்த உடனேயே ஸ்ட்ரிப்பில், அதாவது அந்த விமானத்தின் விவரக் குறிப்புச் சீட்டில், குறித்துவிட வேண்டும்.

எச்சரிக்கைக் கருவியை இடைவெளியின் ஒரு பகுதியாகக் கணக்கிடுவது மிகவும் தவறானது. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடாவில், கடலோரக் காவல்படை விமானம் ஓடுபாதையில் நின்றபோது கோபுரத்தின் திரை எச்சரிக்கை காட்டியது. கட்டுப்பாட்டாளர் அதைக் கவனிக்கவில்லை; தரையிறங்கிய பயணிகள் விமானம் அதன்மீது மோதியது. விமானத்தில் உள்ள மோதல் தவிர்ப்புக் கருவியோ, தரையிலிருந்து சுமார் 1,000 அடிக்குக் கீழே ஏறு, இறங்கு என்ற ஆணைகளைத் தருவதில்லை. ஆக, ஓடுபாதைக்கு அருகில், மிகவும் தேவைப்படும் இடத்தில், அது மௌனமாகவே இருக்கும்.

இறுதியாக, ‘கோ அரவுண்ட்’, அதாவது தரையிறங்காமல் மேலெழுந்து மீண்டும் சுற்றி வா என்று, சொல்லத் தயங்குவது. அதைத் தம் கணிப்பின் தோல்வியாகக் கருதும் பணியாளர், இன்னும் ஐந்து வினாடி பார்க்கலாம் என்று காத்திருக்கிறார்; முன்னே சென்ற விமானம் ஓடுபாதையை விட்டு விலகுமா என்ற ஐயம் எழுந்த கணத்திலேயே அதைச் சொல்லிவிட்டால், செலவாவது சிறிது எரிபொருளும் பயணிகளின் பத்துப் பதினைந்து நிமிடமும்தான். பணி முடிந்ததும் மேலாளர், எத்தனை விமானங்களை இறக்கினாய் என்று மட்டும் கேட்கும் கோபுரத்தில் இந்தத் தயக்கம் வளரும். எதற்காக மேலே அனுப்பினாய் என்று குற்றம் சாட்டாமல் கேட்டுக் குறித்துக்கொள்ளும் கோபுரத்தில் அது குறையும்.