நாற்றின் இலை மஞ்சளாகும்போது காரணத்தைக் கண்டறிவது எப்படி?

தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றுகளில் இலை மஞ்சளாகத் தொடங்கியதும், புதிதாகச் செடி வளர்ப்பவர்கள் முதலில் தேடுவது உரத்தைத்தான். மஞ்சள் என்றால் சத்துக் குறைவு என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. ஆனால் நாற்றுப் பருவத்தில் சத்துக் குறைவைவிடத் தண்ணீரும் வேரும்தான் பெரும்பாலும் காரணமாக அமைகின்றன. காற்று கிடைக்காமல் வேர் திணறும் நாற்றுக்கு உரக் கரைசலை ஊற்றினால், இருக்கும் சிக்கலோடு உப்புச் சுமையும் சேர்ந்துகொள்ளும். ஆகவே இந்தச் செய்முறையில் உரம் கடைசிப் படியாகவே வருகிறது. ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, ஒரு வெள்ளைத் தாள், கார அமில நிலையை அளக்கும் பிஎச் தாள் அல்லது சிறிய மீட்டர் ஆகிய மூன்றும் இருந்தால் போதும்.

படி 1: எந்த இலை மஞ்சளாகிறது என்று பாருங்கள்

விதையிலிருந்து முதலில் வெளிவரும் இரண்டு இலைகள் வித்திலைகள் எனப்படும். அவை சிறிதாகவும் நீளவாக்கிலும் ஓரங்களில் வெட்டு இல்லாமலும் இருக்கும். விதையில் சேமித்திருந்த உணவைச் செடிக்குக் கொடுத்து முடித்ததும், இரண்டு மூன்று சோடி உண்மை இலைகள் வந்த பிறகு, அவை மஞ்சளாகி உதிர்வது இயல்பு. அதற்கு மருந்து எதுவும் தேவையில்லை. மாறாக, முதல் உண்மை இலை விரிவதற்கு முன்பே வித்திலை வெளிறினால், அதைத் தொல்லையின் அடையாளமாகக் கொள்ள வேண்டும்.

அடுத்து, மஞ்சள் அடி இலையில் தொடங்கியதா, நுனிக் குருத்தில் தொடங்கியதா என்று பாருங்கள். நோயறிதலில் இதைவிடப் பயனுள்ள கேள்வி வேறில்லை. தழைச்சத்து (நைட்ரசன்), மெக்னீசியம், சாம்பல் சத்து (பொட்டாசியம்) ஆகியவை செடிக்குள் இடம்பெயரக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி அவற்றைப் பழைய இலைகளிலிருந்து உறிஞ்சிக் குருத்துக்கு அனுப்பிவிடும், எனவே அடி இலைகளே முதலில் வெளிறும். இரும்பு, மாங்கனீசு, கந்தகம் ஆகியவை எளிதில் இடம்பெயர்வதில்லை. இவை போதாதபோது பழைய இலை பச்சையாகவே இருக்க, புதிதாக வரும் இலை மட்டும் வெளிறிப் பிறக்கும். முழுச் செடியும் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக வெளிறியிருந்தால், சத்துகளைப் பற்றிய யோசனையை ஒதுக்கிவைத்துவிட்டு நேராக மூன்றாம் படிக்குச் செல்லலாம்.

படி 2: மஞ்சள் எந்த வடிவத்தில் பரவியிருக்கிறது என்று பாருங்கள்

இலையைப் பறிக்காமல், பகல் வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்க்கவும். செயற்கை விளக்கின் கீழ், குறிப்பாக ஊதா நிறம் கலந்த விளக்கின் கீழ், இலையின் உண்மையான நிறம் தெரியாது.

அடி இலை நரம்பு உட்பட முழுவதும் ஒரே சீராக வெளிறியிருந்தால் தழைச்சத்துக் குறைவைச் சந்தேகிக்கலாம். அடி இலையில் நரம்புகள் பச்சையாக இருக்க, இடைப்பட்ட பகுதி மட்டும் மஞ்சளாகியிருந்தால் மெக்னீசியக் குறைவு. அதே பச்சை நரம்பு வலை குருத்து இலையில் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறைவு. இது முற்றினால் குருத்து ஏறத்தாழ வெள்ளையாகவே வெளிவரும். குருத்து இலை நரம்போடு சேர்ந்து வெளிறினால் கந்தகக் குறைவாக இருக்கலாம், ஆனால் நாற்றுகளில் அது அரிது. அடி இலையின் ஓரம் மட்டும் மஞ்சளாகிப் பின் கருகுவது சாம்பல் சத்துக் குறைவால் வரலாம், உப்பு மிகுந்ததாலும் வரலாம். ஊடகத்தின், அதாவது நாற்று வளரும் மண் அல்லது நார்க் கழிவுக் கலவையின், மேற்பரப்பிலோ தொட்டியின் விளிம்பிலோ வெண்ணிறப் படிவு தெரிந்தால் உப்பே காரணம் என்று கொள்ளலாம்.

இந்த அடையாளங்கள் எதைக் காட்டினாலும் உடனே மருந்து வாங்கக் கிளம்ப வேண்டாம். இலையில் இரும்பு குறைவாக இருப்பதால் மண்ணிலும் இரும்பு குறைவு என்று பொருளாகாது. மண்ணில் ஏராளமாக இருந்தும் வேரால் எடுக்க முடியாத நிலை இருக்கலாம், தொட்டியில் வளரும் செடிகளில் பெரும்பாலும் நடப்பது அதுதான்.

படி 3: தண்ணீரையும் வேரையும் சோதியுங்கள்

இந்தப் படிக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். வேர் சத்துகளை உறிஞ்சுவதற்கு ஆற்றல் வேண்டும், அந்த ஆற்றலுக்கு ஆக்சிசன் வேண்டும். ஊடகத்தின் துளைகள் முழுவதும் நீரால் நிரம்பியே கிடந்தால் ஆக்சிசன் உள்ளே நுழையாது, வேர் செயலிழக்கும், இலை வெளிறும். அப்போது செடி வாடியும் காணப்படுவதால், தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றுவது வழக்கமாக நிகழும் குழப்பம். இரண்டையும் வேறுபடுத்துவது கடினமன்று. தண்ணீர் குறைந்து வாடிய இலை மெல்லியதாகவும் சுருங்கியும் தொங்கும், தொட்டி எடையற்றிருக்கும். தண்ணீர் மிகுந்து வாடிய இலை தடித்து, கீழ்நோக்கி வளைந்து நிற்கும், தொட்டி கனமாக இருக்கும்.

எடையைக் கையால் அறிவதே நம்பகமான முறை. அதே அளவுள்ள ஒரு தொட்டியில் உலர்ந்த ஊடகத்தையும் மற்றொன்றில் நன்கு நனைத்து வடியவிட்ட ஊடகத்தையும் நிரப்பி, இரண்டையும் தூக்கிப் பார்த்துக் கைக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். உங்கள் நாற்றுத் தொட்டி உலர்ந்த தொட்டியின் எடையை நெருங்கும்போதுதான் அடுத்த முறை தண்ணீர் விட வேண்டும். மேற்பரப்பு காய்ந்திருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது, குறிப்பாகத் தென்னை நார்க் கழிவில், ஏனெனில் மேலே வெளிர் பழுப்பாகக் காய்ந்து தோன்றினாலும் இரண்டு செ.மீ. கீழே அது சொதசொதவென்று இருப்பதுண்டு.

பிறகு வேரைப் பாருங்கள். குழித்தட்டில் இருக்கும் நாற்றாக இருந்தால் குழியின் அடியை மெல்ல அழுத்தி, தண்டைப் பிடித்து இழுக்காமல் வேர்க்கட்டியோடு வெளியே எடுக்கலாம். ஆரோக்கியமான வேர் வெண்மையாகவும் உறுதியாகவும் இருக்கும். பழுப்பாகி வழவழப்பாக, இழுத்தால் மேல்தோல் உரிந்து நூல் போன்ற நடுப்பகுதி மட்டும் மிஞ்சினால், வேரழுகல் தொடங்கிவிட்டது. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நீர் கோத்தது போல மெலிந்து நாற்று சாய்ந்தால் அது நாற்றழுகல் நோய். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற பூசணங்களால் வரும் இந்த நோய் கண்ட நாற்று பிழைக்காது. அதை ஊடகத்தோடு அகற்றிவிட்டு, எஞ்சியவற்றுக்குத் தண்ணீரைக் குறைத்துக் காற்றோட்டத்தைக் கூட்டுவதே செய்யக்கூடியது.

வேர் வெண்மையாக இருந்தும், கட்டியின் அடியில் சுற்றிச் சுற்றிப் பின்னிக் கிடந்தால், நாற்று தன் குழியை விட்டு வளர்ந்துவிட்டது என்று அறியலாம். நான்கு வாரத்துக்கு மேல் சிறு குழியிலேயே இருக்கும் தக்காளி நாற்று அடி இலைகளை மஞ்சளாக்கி உதிர்ப்பது இதனால்தான். பெரிய தொட்டிக்கு மாற்றினாலே அது தெளிந்துவிடும்.

ஊடகத்தின் மேல் சிறு கறுப்பு ஈக்கள் மொய்த்தால் அவற்றின் புழுக்கள் வேரைத் தின்றுகொண்டிருக்கக்கூடும். ஓர் உருளைக்கிழங்குத் துண்டை ஊடகத்தின் மேல் வைத்து, இரண்டு நாள் கழித்துத் திருப்பிப் பாருங்கள். கறுத்த தலையும் கண்ணாடி போன்ற வெள்ளை உடலும் கொண்ட புழுக்கள் அடியில் சேர்ந்திருந்தால் ஐயம் உறுதியாகும். இந்த ஈக்களும் ஓயாத ஈரத்தையே நம்பி வாழ்கின்றன.

படி 4: கார அமில நிலையை அளந்து பாருங்கள்

ஒரு பங்கு ஊடகத்தோடு இரண்டு பங்கு காய்ச்சி வடித்த நீரைக் கலந்து, அரை மணி நேரம் விட்டு, தெளிந்த நீரில் பிஎச் அளவை எடுக்கவும். மண் கலந்த ஊடகத்தில் 6.0 முதல் 6.8 வரையிலும், தென்னை நார்க் கழிவில் 5.5 முதல் 6.5 வரையிலும் இருந்தால் நல்லது. 7-ஐத் தாண்டும்போது இரும்பு கரையாத வடிவுக்கு மாறிவிடுவதால், குருத்தில் பச்சை நரம்பு வலை தோன்றும். நீங்கள் ஊற்றும் தண்ணீரையும் அளந்துவிடுங்கள். பைகார்பனேட் மிகுந்த கடின நீரைத் தொடர்ந்து ஊற்றினால், தொடக்கத்தில் சரியாக இருந்த ஊடகமும் சில வாரங்களில் காரமாகிவிடும். மழைநீர் கிடைத்தால் நாற்றுகளுக்கு அதைவிட நல்லது இல்லை.

தென்னை நார்க் கழிவைப் பற்றி ஒரு சொல்: சரியாகக் கழுவாத நார்க் கழிவில் சோடியமும் பொட்டாசியமும் மிகுந்திருக்கும், அது நாம் கொடுக்கும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்ளும். கழுவிய நார்க் கழிவிலோ தழைச்சத்து ஏறத்தாழ இல்லை. முதல் உண்மை இலை வரும்வரை செழிப்பாக இருந்து பிறகு திடீரென வெளிறும் நாற்றுகளின் கதை பல நேரங்களில் இதுதான். முழுதாக மக்காத தொழு உரமோ மரத்தூளோ கலந்த ஊடகமும் இதே விளைவைத் தரும், ஏனெனில் அவற்றை மக்கவைக்கும் நுண்ணுயிரிகள் செடிக்கு முன்பே தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும்.

படி 5: ஒளியும் வெப்பமும்

தண்டு நீண்டு மெலிந்து, இலை வெளிர் பச்சையாக இருந்தால் ஒளி போதவில்லை. நிழலிலிருந்து திடீரென நேர் வெயிலுக்கு மாற்றிய நாற்றின் இலையில் வெண்மையான, காகிதம் போன்ற திட்டுகள் தோன்றினால் அது வெயில் சுட்ட காயம். ஒரு வார காலத்தில் சிறிது சிறிதாகப் பழக்கியிருந்தால் அது நேர்ந்திராது. செயற்கை விளக்கின் கீழ் வளர்ப்பவர்கள் இரவிலும் விளக்கை அணைக்காமல் விடக் கூடாது. தக்காளியும் கத்தரியும் இருபத்து நான்கு மணி நேரத் தொடர் ஒளியைத் தாங்காமல் மஞ்சளாகும் பயிர்கள். நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேரம் போதுமானது. வேர்ப்பகுதி 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர்ந்தால் மணிச்சத்தை (பாஸ்பரசை) எடுப்பது தடைப்பட்டு இலையின் அடிப்பக்கம் ஊதாவாக மாறும், அதற்கு மருந்து வெதுவெதுப்பு மட்டுமே.

படி 6: இலையைத் திருப்பிப் பாருங்கள்

சாறு உறிஞ்சும் பூச்சிகள் பெரும்பாலும் இலையின் அடிப்பக்கத்தில்தான் தங்கும். நாற்றை வெள்ளைத் தாளின் மேல் பிடித்து மெல்லத் தட்டி, விழும் புள்ளிகள் நகர்கின்றனவா என்று உருப்பெருக்கியால் பார்க்கவும். ஊசியால் குத்தியது போன்ற நுண்ணிய மஞ்சள் புள்ளிகள் இலை முழுவதும் இருந்தால் செஞ்சிலந்தி, வெள்ளி போன்ற மினுமினுப்பான கீறல்கள் இருந்தால் இலைப்பேன். மிளகாயில் ஓர் எளிய அடையாளம் உண்டு: இலைப்பேன் தாக்கினால் இலை மேல்நோக்கிச் சுருளும், மஞ்சள் சிலந்தி தாக்கினால் கீழ்நோக்கிச் சுருளும். லிட்டருக்கு 3 மி.லி. வேப்பெண்ணெயைச் சில துளி சோப்புக் கரைசலோடு கலந்து, மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையுமாறு தெளிக்கலாம். முதலில் ஒரே ஒரு நாற்றில் தெளித்து, மறுநாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குத் தெளிப்பது நல்லது.

தக்காளியில் குருத்து இலைகள் சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, கிண்ணம் போல மேல்நோக்கி வளைந்து, வளர்ச்சியும் நின்றுபோனால் அது வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் இலைச்சுருள் வைரசு நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை கிடையாது. நாற்றுப் பருவத்திலேயே தாக்கப்பட்ட செடி காய்ப்பதில்லை என்றே சொல்லலாம், ஆகவே தயங்காமல் பிடுங்கி, பையில் கட்டி அகற்ற வேண்டும். எஞ்சிய நாற்றுகளை நெருக்கமான வலையால் மூடி, அருகே மஞ்சள் ஒட்டுப்பொறி அட்டைகளைத் தொங்கவிடவும்.

படி 7: இப்போது மட்டும் உரம்

தழைச்சத்துக் குறைவு என்று உறுதியானால், தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் கலந்த, நீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு அரை கிராம் என்ற அளவில் கரைத்து, முன்பே ஈரமாக இருக்கும் ஊடகத்தில் வாரம் ஒருமுறை ஊற்றலாம். மெக்னீசியத்துக்கு லிட்டருக்கு ஒரு கிராம் மெக்னீசியம் சல்பேட்டை இலையில் தெளிக்கலாம். இரும்பைப் பொறுத்தவரை, பிஎச் அளவு 6.5-க்கு மேல் இருக்கும் ஊடகத்தில் இடிடிஏ (EDTA) என்ற சேர்மத்தோடு பிணைத்து விற்கப்படும் இரும்பு விரைவில் பயனற்றுப்போகும். இடிடிஎச்ஏ (EDDHA) சேர்மத்தோடு பிணைத்த வகையே கார நிலையிலும் நிலைத்திருக்கும், விலை கூடுதல் என்றாலும் வாங்குவதானால் அதையே வாங்குங்கள். உப்புப் படிந்த தொட்டிக்கு உரம் எதுவும் வேண்டாம், தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு நல்ல நீரை மெதுவாக ஊற்றி வடியவிட்டு, பிறகு காய விடவும்.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றத்தை மட்டும் செய்து, ஐந்து முதல் ஏழு நாட்கள் காத்திருங்கள். தண்ணீர், உரம், இடம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், செடி தேறினாலும் எதனால் தேறியது என்று தெரியாது. பலனை அளக்க மஞ்சளான பழைய இலைகளைப் பார்க்க வேண்டாம், அவற்றில் பல மீண்டும் பச்சையாவதில்லை. புதிதாக விரியும் இலையின் நிறத்தைப் பாருங்கள். அது சரியான பச்சையில் வந்தால், பழைய இலை முழுதும் காய்ந்த பிறகு அதைக் கிள்ளிவிடலாம். பாதி பச்சையாக இருக்கும் வரை அதுவும் செடிக்கு உணவு தயாரித்துக்கொண்டுதான் இருக்கும்.